மரக்கறி விதைத் தெரிவும் வீட்டுத் தோட்டத்தில் இனவிருத்தியும்

மலைநாட்டு மரக்கறிச் செய்கையாளருக்கான குறிப்புகள்

மலைநாட்டில் மரக்கறி பயிரிடுவோர் நிலத்தைப் பண்படுத்துவதிலும், பசளை இடுவதிலும், நோய்க்கு மருந்து தெளிப்பதிலும் மிகுந்த கவனம் செலுத்துகின்றனர். அதே கவனத்தை விதையிற் செலுத்துவோர் சிலரே. நுவரெலியா, தலவாக்கலை, கொட்டகலை, ஹட்டன் முதலிய இடங்களில் லயங்களை அடுத்த சிறு நிலங்களிற் போஞ்சி பயிரிடுவோரிடம் ஒரு வழக்கம் காணப்படுகின்றது. முதற் பறிப்புகள் யாவும் சந்தைக்குச் செல்கின்றன. கொடி ஓயும் தறுவாயில், பறிப்பாரின்றி எஞ்சி முற்றிய காய்களே அடுத்த போகத்துக்கு விதையாகின்றன.

இவ்வாறு எஞ்சும் காய்களிற் பெரும்பங்கு பிந்திப் பூத்த கொடிகளுக்கும், காய் கோணலாயிருந்தமையாற் பறிக்காது விடப்பட்ட கொடிகளுக்கும் உரியது. ஆகவே கமக்காரர் தாம் அறியாமலே, ஆண்டுதோறும் தரங்குறைந்த கொடியைத் தெரிந்து பெருக்கி வருகின்றனர். நான்கைந்து போகங்களின் பின்னர் “விதை தேய்ந்துவிட்டது” என்று கூறிப் புதிய விதையை விலைக்கு வாங்குகின்றனர். விதை தானாகத் தேய்வதில்லை. தவறான தெரிவினாலும், விதையோடு வரும் நோயினாலுமே அது கெடுகின்றது.

கோவா, கரட், பீற்றூட் முதலியவற்றின் விதை பெரும்பாலும் கடல் கடந்தே வருகின்றது. 2022ஆம் ஆண்டில் ஏற்பட்ட அந்நியச் செலாவணி நெருக்கடியின்போது, இறக்குமதியை நம்பிய பயிர்ச்செய்கை எத்துணை இடருக்குள்ளாகும் என்பதை மலைநாட்டார் நேரிற் கண்டனர். எல்லா விதையையும் வீட்டில் உண்டாக்குதல் இயலாது. ஆயினும் சில பயிர்களின் விதையை வீட்டிலேயே எடுத்து, அதனைப் போகத்துக்குப் போகம் மேம்படுத்தவும் இயலும். எவை இயலும், எவை இயலா, எவ்வாறு செய்தல் வேண்டும் என்பன இங்கு விளக்கப்படுகின்றன.

விதையில் அடங்கியிருப்பது யாது?

பூவின் மகரந்தம் சூலகத்தின் நுனியிலுள்ள குறியில் விழுந்து, சூலுடன் சேர்வதால் விதை உண்டாகின்றது. ஆகவே ஒவ்வொரு விதைக்கும் தாயும் தந்தையும் உண்டு. செடியின் உயரம், காயின் நிறம், நோயைத் தாங்கும் ஆற்றல் முதலிய இயல்புகள் பரம்பரை அலகுகளால் நிருணயிக்கப்படுகின்றன. ஒவ்வோர் அலகும் சோடியாக இருக்கும். ஒன்று தாயிடமிருந்தும் மற்றையது தந்தையிடமிருந்தும் வந்ததாகும். சோடியின் இரண்டும் ஒரே வகையாயின் அச்செடி அவ்வியல்பில் தூயது எனப்படும். இரண்டும் வேறு வகையாயின் அது கலப்புடையது.

இங்குக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. தாய்ச் செடியைக் கமக்காரர் கண்ணாற் காண்கின்றார். தந்தை எது என்பதை அவர் காண்பதில்லை; காற்றோ தேனீயோ அதனைக் கொண்டுவந்திருக்கலாம். விதை எடுத்தற்குரிய விதிகள் யாவும் இதனை அடியாகக் கொண்டவை.

தேயிலை மலை தரும் சான்று

இவ்வுண்மையை விளங்கிக்கொள்ளத் தேயிலை மலையிலும் சிறந்த பாடசாலை வேறில்லை. தேயிலைப் பூ தன் சொந்த மகரந்தத்தால் விதை கட்டுவது மிக அரிது. அயற்செடியின் மகரந்தமே அதற்கு வேண்டும். ஆதலால் பழைய விதைத் தேயிலை மலையில் ஒரு செடியைப்போல் மற்றொரு செடி இராது. ஒன்றின் இலை அகலம்; மற்றொன்றின் இலை ஒடுக்கம். ஒன்று விரைவிற் கொழுந்து விடும்; அடுத்தது வங்கி விடும். கொழுந்து பறிப்போர் இதனை நன்கறிவர்.

1925ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றதும், தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் அமைந்ததுமான தேயிலை ஆராய்ச்சி நிலையம், பல செடிகளிலிருந்து சிறந்தவற்றைத் தெரிந்து, அவற்றின் தண்டுத் துண்டங்களை வேர்விடச் செய்து பெருக்கியது. இவையே வீ.பி. தேயிலை எனப்படுவன. டி.ஆர்.ஐ. 2025 என்பது இவ்வாறு பரவலாக நடப்பட்ட ஓர் இனம். தண்டுத் துண்டத்துக்குப் புதிய தந்தை இல்லை. ஆகவே அம்மலையிற் செடிகள் யாவும் ஒரே வடிவாக நிற்கின்றன. வீ.பி. தேயிலையில் விதை பொறுக்கி முளைக்கவிட்டால், வருகின்ற கன்றுகள் மீண்டும் பலவிதமாகும்.

உருளைக்கிழங்கும் இவ்வாறே. கிழங்கை நட்டால் தாயின் இயல்பு மாறாது. செடியின் நுனியிற் சிலவேளை உண்டாகும் பச்சைக் காயின் விதையை முளைக்கவிட்டால், ஒவ்வொரு கன்றும் வெவ்வேறு கிழங்கைத் தரும்.

பயிர்களின் மூவகை

விதை எடுக்குமுன் பயிர் எவ்வகையைச் சேர்ந்தது என்பதை அறிதல் வேண்டும்.

முதல் வகை, தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர்கள். நெல், போஞ்சி, பட்டாணி, தக்காளி என்பன இவ்வகையின. இவற்றில் பூ விரியும் வேளையிலேயே பெரும்பாலும் தன் மகரந்தம் தன் குறியில் விழுந்துவிடுகின்றது. தாயே தந்தையும் ஆதலால், விதை தாயைப்போலவே முளைக்கும். வெவ்வேறு இனங்களைச் சில மீற்றர் இடைவெளியில் நட்டாற் போதும். வீட்டில் விதை எடுக்கத் தொடங்குவோர் இவ்வகையிலேயே தொடங்குதல் வேண்டும்.

இரண்டாம் வகை, இடைப்பட்டவை. கறிமிளகாய், மிளகாய், கத்தரி என்பன பெரும்பாலும் தம் மகரந்தத்தையே ஏற்பினும், தேனீக்களால் அயல் மகரந்தமும் கலக்கக்கூடும். தெரிந்த செடியின் மொட்டுகளை மெல்லிய துணிப்பையால் மூடிவைத்து, காய் பிடித்தபின் பையை அகற்றி, அக்காய்க்கு அடையாளக் கயிறு கட்டவேண்டும். மூடிய பூவிலிருந்து வந்த காயே விதைக்காகும்.

மூன்றாம் வகை, அயன்மகரந்தச் சேர்க்கைப் பயிர்கள். கோவா, கரட், லீக்ஸ், பீற்றூட், முள்ளங்கி, சோளம், பூசணி என்பன இவ்வகையின. கோவா, கரட், பீற்றூட் ஆகியவற்றுக்குப் பூப்பதற்கு நீண்ட குளிரும் வேண்டும். அண்மையில் வேறினம் பூத்தால் விதை கலந்துவிடும். ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் இடைவெளி தேவை. மேலும், ஓரிரு செடிகளிலிருந்து மட்டும் கரட் விதை எடுத்தால், அடுத்த தலைமுறை வலுவிழந்து போகும். பல பத்துச் செடிகள் ஒன்றாகப் பூத்தல் வேண்டும். சிறு நிலமுடையோர்க்கு இது பொருந்தாது. கரட் பாத்தியில் உரிய காலத்துக்குமுன் ஒரு செடி பூத்தால், “விதை கிடைத்தது” என்று மகிழ்ந்து அதனை எடுத்தலாகாது. முந்திப் பூக்கும் இயல்பையே அவ்விதை கொண்டுசெல்லும். அடுத்த பாத்தியிற் கிழங்கு பருக்குமுன் தண்டு நீளும்.

ஜொஹான்சன் கண்ட போஞ்சி உண்மை

சிறந்த காயைத் தெரிந்தாற் போதுமா, சிறந்த செடியைத் தெரியவேண்டுமா என்னும் வினாவுக்கு விடை கண்டவர் டென்மார்க் நாட்டுத் தாவரவியலறிஞர் வில்ஹெல்ம் ஜொஹான்சன். அவர் எடுத்துக்கொண்ட பயிர் போஞ்சியே. கடையில் வாங்கிய கலவை விதையிற் பெரியனவற்றை விதைத்தபோது, பெரிய விதை தரும் செடிகள் மிகுந்தன. பின்னர் ஒரு தனிச் செடியின் வழித்தோன்றல்களை மட்டும் பிரித்து வளர்த்தார். அவ்வழியிற் பெரிய விதையை விதைத்தபோதும், சிறிய விதையை விதைத்தபோதும், கிடைத்த விதைகளின் சராசரி நிறை ஒன்றாகவே இருந்தது. இதனை அவர் 1903ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

இதன் பொருள் தெளிவானது. ஒரே செடியின் காய்களிற் பெரியது சிறியது என்ற வேறுபாடு மண்ணாலும் நீராலும் வெயிலாலும் வந்தது. அது பிள்ளைகளுக்குச் செல்லாது. செடிக்கும் செடிக்குமுள்ள வேறுபாட்டில் ஒரு பகுதியே பரம்பரையாகச் செல்வது. ஆகவே வீட்டிற் குவித்த காய்களிலிருந்து பருத்தனவற்றைப் பொறுக்குவதனாற் பயன் சிறிது. நிற்கும் கொடியைத் தெரிந்து, அதன் பிள்ளைகளையும் பார்த்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

போஞ்சியில் தெரிவு செய்யும் முறை

முதற்போகம்: கையிலுள்ள விதையை ஒரே சீரான மண்ணில், ஒரே இடைவெளியில் நடுக. முதற் பறிப்புக்கு முன்னரே கொடிகளைப் பார்வையிட்டுப் பத்துக் கொடிகளுக்கு நிறநூல் கட்டுக. நோயின்மை, முந்திப் பூத்தல், காய்களின் தொகை, காயின் நேர்மை, நார் இன்மை என்பன நோக்கத்தக்கவை. வரம்போரத்தில் நிற்பதும், எருக்குழியை அடுத்து நிற்பதும், அயற்கொடி பட்டுப்போனதால் அகன்ற இடம் பெற்றதுமான கொடிகளைத் தெரிதலாகாது. அவற்றின் செழிப்பு இடத்தினால் வந்தது. நூல் கட்டிய கொடியில் ஒரு காயேனும் கறிக்குப் பறிக்காது முற்றவிடுக. ஒவ்வொரு கொடியின் விதையையும் தனித்தனிப் பொதியிலிட்டு இலக்கமிடுக.

இரண்டாம்போகம்: ஒவ்வொரு பொதிக்கும் ஒரு வரிசையாக, வரிசைக்கு இருபது விதை வரை நடுக. வழக்கமான விதையையும் ஒப்புநோக்குவதற்காக இரண்டொரு வரிசைகளில் நடுதல் வேண்டும். இப்போது நோக்கவேண்டியது தனிக்கொடியை அன்று, வரிசை முழுவதையுமாகும். வழக்கமான விதையிலும் மேம்படாத வரிசையை, அதில் ஓரிரு கொடிகள் நன்றாயிருப்பினும், விதைக்கு எடாது விடுக.

மூன்றாம்போகம்: எஞ்சிய இரண்டு அல்லது மூன்று சிறந்த வரிசைகளைப் பெருக்கி, இலக்கத்தோடு வைத்துக்கொள்க. பத்துக் கொடியில் தொடங்கிய வேலை மூன்று போகங்களில் ஒரு குடும்பத்துக்குப் போதிய விதையைத் தரும்.

நெற்செய்கையாளரும் இம்முறையையே கையாளலாம். வலப்பனை, ஹங்குரன்கெத்தை முதலிய பகுதிகளில் நெல் பயிரிடுவோர், களத்திற் குவிந்த நெல்லிலிருந்து விதை அள்ளுவதை விடுத்து, வயலில் நிற்கும் சிறந்த செடியின் கதிர்களைத் தெரிந்து, கதிருக்கொரு வரிசையாக நட்டுப் பார்த்தல் நன்று.

கலப்பு செய்தலும் மெண்டலின் விதியும்

தெரிவு என்பது இருப்பதிற் சிறந்ததைப் பிரித்தெடுப்பது. ஓரினத்தில் ஒரு நற்குணமும் மற்றோரினத்தில் வேறொரு நற்குணமும் இருப்பின், இரண்டையும் ஒரு செடியிற் சேர்ப்பதற்குக் கலப்பு வேண்டும். 1950களின் இறுதியில் வெளியிடப்பட்டு இலங்கை வயல்களிற் பரவிய எச்-4 நெல், முருங்கக்காயன் 302 என்னும் உள்நாட்டு நெல்லையும், மாஸ் என்னும் இந்தோனேசிய நெல்லையும் கலந்து பெறப்பட்டதாகும்.

கலப்பின் கணக்கைக் கண்டவர் கிரெகர் மெண்டல் என்னும் துறவி. அவர் தம் மடத்துத் தோட்டத்தில் நெடிய பட்டாணியையும் குட்டைப் பட்டாணியையும் கலந்தார். முதற் தலைமுறை முழுவதும் நெடிதாயிற்று. அவற்றின் விதையை விதைத்தபோது, இரண்டாந் தலைமுறையில் 787 செடிகள் நெடியனவாகவும் 277 செடிகள் குட்டையாகவும் வந்தன. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. முதற் தலைமுறையில் வெளிப்படும் இயல்பு ஆட்சியான இயல்பு எனவும், மறைந்திருந்து மீளும் இயல்பு பின்னிடைவான இயல்பு எனவும் கூறப்படும். 1866ஆம் ஆண்டில் அச்சான இவ்வாய்வின் பெருமையை உலகம் 1900ஆம் ஆண்டிலேயே உணர்ந்தது.

போஞ்சியிற் கொடியாகப் படர்தல் ஆட்சியானது. செடியாகக் குறுகி நிற்றல் பின்னிடைவானது. தக்காளியிற் சிவப்புப் பழம் ஆட்சியானது. மஞ்சட் பழம் பின்னிடைவானது.

பொதியில் “எஃப்-1” என்று குறிக்கப்பட்ட விதை இவ்வாறு கலந்து பெற்ற முதற் தலைமுறையாகும். அதன் பயிர் ஒரே சீராக இருக்கும். அதிலிருந்து எடுத்த விதையை விதைத்தாற் பலவகைச் செடிகள் கலந்து வரும். இதனை அறியாது எஃப்-1 தக்காளியின் விதையை நிலம் முழுவதும் விதைத்து நட்டமடைதலாகாது.

தக்காளியில் கலப்பு செய்யும் முறை

மழைக்காப்புடைய கூடாரத்தில் அல்லது வீட்டுச் சுவரோரத்தில் நிற்கும் தக்காளியில் இதனைச் செய்து பழகலாம். மஞ்சட் பழச் செடியைத் தாயாகவும், சிவப்புப் பழச் செடியைத் தந்தையாகவும் கொள்க. முதற் தலைமுறையிற் சிவப்புப் பழம் வந்தாற் கலப்பு நிகழ்ந்தது உறுதி. மஞ்சட் பழமே வந்தால், பூ தன் மகரந்தத்தையே ஏற்றுவிட்டது என அறிக.

மாலையில், இதழ் வெளிர்மஞ்சளாகத் தோன்றி இன்னும் விரியாத மொட்டைத் தெரிக. நுண்ணிய சாமணத்தால், நடுவிற் கூம்பாக நிற்கும் மகரந்தக்கூடுகளை மெல்ல அகற்றுக. உள்ளே நிற்கும் தம்பமும் அதன் நுனியிலுள்ள குறியும் சேதமுறலாகாது. மொட்டைச் சிறு காகிதப்பையால் மூடுக. மறுநாட் காலை ஈரம் உலர்ந்தபின், தந்தைச் செடியில் நன்கு விரிந்த பூவைக் கொய்து, அதன் கூம்பைக் கீறி மகரந்தத்தை நகத்தின்மேல் உதிர்த்து, அதனைக் குறியில் தொடுக. அடுத்த நாளும் ஒருமுறை செய்தல் நன்று. அக்குலையின் ஏனைய பூக்களை அகற்றித் திகதியும் பெற்றோர் பெயரும் எழுதிய அட்டையைக் கட்டுக. ஒரு பழத்தில் வேண்டிய அளவு விதை கிடைக்கும்.

எத்தனை செடிகள் வேண்டும்?

தெரிவு தொடங்குவது இரண்டாந் தலைமுறையில். நாலில் ஒன்றாக வரும் ஓரியல்பைப் பெறப் பதினொரு செடிகளேனும் நட்டால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு உறுதியுடன் ஒன்று கிடைக்கும். பின்னிடைவான இரண்டு இயல்புகள் ஒரே செடியிற் சேர்வதாயின், பதினாறில் ஒன்றே அவ்வாறாகும். அதற்கு நாற்பத்தேழு செடிகள் வேண்டும். ஆகவே சிறு நிலமுடையோர் ஒரே வேளையிற் பல நற்குணங்களை நாடாது, ஒன்றையோ இரண்டையோ குறித்துக்கொள்ளுதல் அறிவுடைமை.

தன்மகரந்தச் சேர்க்கையிற் கலப்பு நிலை தலைமுறைதோறும் பாதியாகக் குறையும். கலப்புற்ற அலகுகளில் இரண்டாந் தலைமுறையில் நூற்றுக்கு ஐம்பது, மூன்றாவதில் இருபத்தைந்து, நான்காவதிற் பன்னிரண்டரை என்றவாறு இறங்கி, ஆறாவதில் ஏறத்தாழ மூன்றே எஞ்சும். தலைமுறைதோறும் சிறந்த செடியைத் தெரிந்துவரின், ஆறாந் தலைமுறையளவில் நிலையான இனம் கைக்கு வரும்.

நோயும் விதையும்

போஞ்சியின் கருவடு நோய், தேமல் நோய் முதலியன விதையின் வழியாகவே அடுத்த போகத்துக்குச் செல்கின்றன. மலைநாட்டின் குளிரும் ஈரமும் கருவடு நோய்க்கு வாய்ப்பானவை. காயிற் குழிந்த கரும்புள்ளி உள்ள கொடியையும், இலையில் மஞ்சளும் பச்சையுமாகத் தேமல் படர்ந்த கொடியையும் எத்துணை காய்த்திருப்பினும் விதைக்கு விடலாகாது. அவற்றைப் பிடுங்கி அகற்றுதல் வேண்டும்.

அறுவடை, உலர்த்தல், சேமித்தல்

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஹட்டன் பகுதியில் விதை உலர்வது கடினம். காய் முற்றும் காலம் தை முதற் பங்குனி வரையான உலர்ந்த நாட்களில் அமையுமாறு விதைப் பாத்தியை நடுதல் வேண்டும். நுவரெலியாவின் பள்ளமான நிலங்களில் அந்நாட்களில் உறைபனி விழுமாதலால், சரிவான இடமே விதைப் பாத்திக்கு ஏற்றது.

போஞ்சிக் காயைக் கொடியிலேயே மஞ்சளாகிச் சருகாகும்வரை விடுக. மழை தொடர்ந்தாற் கொடியோடு பிடுங்கிக் கூரையின்கீழ்த் தலைகீழாகத் தொங்கவிடலாம். அடுப்புக்கு மிக அருகில் வைத்தலாகாது. மிகுந்த வெப்பத்தில் முளை இறந்துவிடும். நிழலிலும் காற்றோட்டத்திலும் உலர்த்துதலே தக்கது. நகத்தால் அழுத்தும்போது விதையிற் பதிவு விழாதாயின் அது உலர்ந்துவிட்டது.

தக்காளி விதையைச் சாற்றோடு பாத்திரத்தில் இட்டு இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, வழுவழுப்பு நீங்கக் கழுவி, மெல்லியதாகப் பரப்பி உலர்த்துக. குளிர் மிகுந்த இடத்தில் மேலும் ஒரு நாள் ஆகலாம்.

உலர்ந்த விதையைக் காற்றுப்புகாத போத்தலில் அடைத்து, குளிர்ந்த இடத்தில் வைக்குக. விதையின் ஈரப்பதன் நூற்றுக்கு ஒன்று குறையுந்தோறும் அதன் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும். நன்கு வறுத்து ஆறவிட்ட அரிசியைச் சிறு துணியில் முடிந்து போத்தலின் அடியில் இட்டால், அது எஞ்சிய ஈரத்தை உறிஞ்சும். வண்டு விழுவதைத் தடுக்க, ஒரு கிலோ போஞ்சி விதைக்கு 5 மில்லிலீற்றர் சமையல் எண்ணெய் சேர்த்துப் புரட்டலாம்.

நடுவதற்கு முன்னர் ஐம்பது விதையை ஈரத்துணியிற் சுருட்டி எட்டு நாள் வைத்துப் பார்க்க. நாற்பதுக்குக் குறைவாக முளைப்பின், விதையின் அளவைக் கூட்டியிடுதல் வேண்டும்.

ஓரினத்தை மட்டும் நம்பலாகாது

சிறந்த இனம் ஒன்று கிடைத்தபின் ஏனையவற்றை எறிந்துவிடுதல் பெருந்தவறு. 1869ஆம் ஆண்டில் இலங்கையிற் காணப்பட்ட இலைத்துரு நோய், மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களை இரண்டு பத்தாண்டுகளுக்குள் அழித்தது. கோப்பி நின்ற மலைகளில் தேயிலை வந்தது அதன் பின்னரே. அயர்லாந்தில் ஏழைகள் பெரும்பாலும் ஒரே உருளைக்கிழங்கு இனத்தையே கிழங்கால் நட்டுப் பெருக்கி உண்டு வந்தனர். 1845ஆம் ஆண்டில் வெளிறல் நோய் வந்தபோது அதனைத் தாங்கும் செடி அங்கு இருக்கவில்லை. தொடர்ந்த பஞ்சத்திற் சுமார் பத்து இலட்சம் மக்கள் இறந்தனர். ஒரே சீரான பயிர் சந்தைக்கு நன்று. புதிய நோய்க்கும் அதுவே எளிதான இரை. ஆதலால் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு மூன்று வழிகளையேனும் காத்தல் வேண்டும். அயல் வீட்டாரோடு விதையை மாற்றிக்கொள்ளுதலும் காப்பாகும்; ஒருவரிடம் அழிந்தது மற்றொருவரிடம் இருக்கும்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. விதைக்குரிய கொடியை முதற் பறிப்புக்கு முன்னரே தெரிக. எஞ்சியதை விதையாக்கற்க.

2. காயைத் தெரிவதிலும் செடியைத் தெரிதல் நன்று. செடியைத் தெரிவதிலும் அதன் பிள்ளைகளின் வரிசையைத் தெரிதல் நன்று.

3. போஞ்சி, பட்டாணி, தக்காளி, நெல் ஆகியவற்றில் தொடங்குக. கோவா, கரட், பீற்றூட் விதையை நம்பிக்கையான இடத்தில் வாங்குக.

4. எஃப்-1 பயிரின் விதையைப் பெருநிலத்தில் விதைக்கற்க. ஆராய்ந்து பார்க்க விரும்பின் ஒரு பாத்தி போதும்.

5. நோயுற்ற கொடியின் விதை எத்துணை பருத்திருப்பினும் அதனை விலக்குக.

6. இலக்கமும் திகதியும் இல்லாத பொதி பயனற்றது. ஒரு கொப்பியிற் குறிப்பெழுதி வைக்குக.

7. இவ்வாறு பெற்ற விதையை விற்பனை செய்ய விரும்புவோர், 2003ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க விதைச் சட்டத்தின் விதிகளை முதலில் விசாரித்தறிதல் வேண்டும்.

ஐயங்களை அப்பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் அல்லது கமநல சேவை நிலையத்திற் கேட்டுத் தெளியலாம். அடுத்த போகத்தில் முதற் காய் பறிக்கச் செல்லுமுன், கையில் பத்து நூற்துண்டுகளை எடுத்துச் செல்லுதல் இவ்வேலையின் தொடக்கமாகும்.